லண்டன் இரவு நடைக்கு எந்த ஷூ? 42 கிலோமீட்டருக்கு ஐந்து வழிகள்

மார்பகப் புற்றுநோய்க்காகப் பணம் திரட்டும் மே மாத மூன்வாக் நடைக்குப் பெயர் கொடுத்த பெண்கள் தை பிறந்ததுமே என்னிடம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "அக்கா, எந்த ஷூ வாங்கட்டும்?" இந்த வருடம் ஈஸ்ட் ஹாம் பக்கத்து முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் நின்ற ஒரு பெண் வேறு மாதிரி கேட்டாள். "எங்கம்மா பழனிக்கு வெறுங்காலோட நடந்தாங்க. நான் எதுக்கு நூத்தம்பது பவுண்டுக்கு ஷூ வாங்கணும்? அந்தக் காசை நேரா கேன்சருக்கே குடுத்துடலாமே?"

நியாயமான கேள்வி. எனக்கும் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம்தான். தைப்பூசத்துக்கு நடந்து போனவர்களின் காலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்ட வீடு எங்களுடையது. ஆனால் பாதயாத்திரை பல நாள் நடை. உச்சி வெயிலுக்கு மரத்தடியில் படுக்கலாம், தார் சுட்டால் ஓரத்து மண்ணில் இறங்கிக்கொள்ளலாம். செருப்பில்லாமல் வளர்ந்த பாதம் வேறு. இங்கே 26.2 மைல், அதாவது 42.2 கிலோமீட்டரையும் ஒரே இரவில், கல்லிலும் தாரிலும் மட்டுமே நடக்கிறோம். குளிர்காலம் முழுக்கக் கம்பளி சாக்ஸுக்குள் இருந்து மெத்தென்று ஆகிப்போன பாதம் ஏறத்தாழ 55,000 முதல் 60,000 அடி வைக்க வேண்டும். ஷூ வேண்டும். நூற்றைம்பது பவுண்டுதான் வேண்டியதில்லை.

இந்த நடையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1996இல் நீனா பரோவும் அவருடைய தோழிகளும் பிரா அணிந்து நியூயார்க் மாரத்தானை நடந்தே முடித்து, மார்பகப் புற்றுநோய்க்காகப் பணம் திரட்டினார்கள். பிறகு அவருக்கே அந்த நோய் இருப்பது தெரியவந்தது. 1998 முதல் லண்டனில் இது இரவு நடையாக நடக்கிறது. நடத்துவது 'வாக் தி வாக்' அறக்கட்டளை. பூவும் மணியும் ஜரிகையும் வைத்துத் தைத்த பிராவோடு பெண்கள் நடப்பார்கள், ஆண்களும் அப்படியே நடப்பார்கள். நம் பெண்கள் பலர் தயங்குவது அதற்காகத்தான். உள்ளே முழுக்கைச் சட்டை போட்டு அதன்மேல் அணிந்துகொள்ளலாம். என் அத்தைக்கு இந்த நோய் வந்தபோது வீட்டில் யாரும் அதன் பெயரைக்கூட உரக்கச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களோடு அந்தப் பெயரை உடம்பில் அணிந்து நடந்த இரவில்தான் அந்த மௌனம் எனக்குள் உடைந்தது. ஆகவே நடக்க வருகிற ஒவ்வொருவரும் பாதியில் கால் புண்ணாகி உட்காராமல் முடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எதை வைத்து முடிவு செய்வது

கடையில் ஷூவைப் போட்டுப் பார்க்கிற கால் வேறு, விடியற்காலை நான்கு மணிக்கு முப்பதாவது கிலோமீட்டரில் இருக்கிற கால் வேறு. இரண்டாவது காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். அந்தக் காலுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலாவது, அது வீங்கியிருக்கும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று நடந்தாலே எட்டரை மணி நேரம் ஆகிறது. அத்தனை நேரமும் ரத்தமும் நீரும் கீழே இறங்குகின்றன. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் நகம் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். இதில் நமக்குக் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்திருக்கும். இந்த ஊர்க் கடையில் பெண்களுக்கென்று அடுக்கியிருப்பது பெரும்பாலும் 'பி' அகலம். நமக்கு வேண்டியது அதைவிட அகலமான 'டி'யாக இருக்கலாம். கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள்.

இரண்டாவது, ஈரம். கொப்புளம் என்பது மேல்தோல் உரசித் தேய்வதால் வருவது என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் இருக்கும் தோல் அடுக்குகள் இழுபட்டுக் கிழிகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் இறுக்கமாக ஒட்டும். எனவே காற்று போகாத ஷூ எவ்வளவு விலையானாலும் ஆபத்துதான்.

மூன்றாவது, கல். லண்டன் நடைபாதை சாலைப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். ஒரே பக்கத்தில் நடந்தால் ஒரு காலுக்கே பாரம் போகும். சாலையைக் கடக்கும் இடங்களில் பார்வையற்றவர்களுக்காகக் குமிழ்க் கற்கள் பதித்திருப்பார்கள். பகலில் அவை இருப்பதே நமக்குத் தெரியாது. முதல் வருடம் தேம்ஸ் கரையோரம் விடியும் நேரத்தில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக என் பாதத்தில் ஏறியது. கடக்கும் இடம் வருகிறது என்று கண்ணால் பார்க்கும் முன்பே நெஞ்சு பதறும்.

மிச்சம் இரண்டு: பழகுவதற்கு எத்தனை வாரம் இருக்கிறது, எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு.

வழி 1: ஓட்டத்துக்கான சாதாரண ஷூ

நடக்கத்தானே போகிறோம், ஓடுகிற ஷூ எதற்கு என்று தோன்றும். எடை குறைவு, வலைத்துணி வழியாகக் காற்று போகும், அடிமெத்தை கல்லின் அடியை வாங்கிக்கொள்ளும், முன்பாதம் வளையும். நடைக்கு வேண்டியதும் இவைதான். அசிக்ஸ், புரூக்ஸ், நியூ பேலன்ஸ் மாதிரி நிறுவனங்கள் ஒரே மாடலை இரண்டு மூன்று அகலங்களில் செய்கின்றன என்பது நம் கால்களுக்குப் பெரிய வரம்.

புது மாடல் நூறிலிருந்து நூற்றைம்பது பவுண்டு. போன வருட மாடலையே பார்த்து வாங்கினால் அறுபது எழுபதுக்குக் கிடைக்கும், காலுக்கு வித்தியாசம் தெரியாது. மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். அடிமெத்தையின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் பயிற்சி நடந்தாலே 420 ஆகிவிடுகிறது. ஏற்கெனவே ஆறு மாதம் போட்ட ஷூவோடு பயிற்சியைத் தொடங்கினால், நடை நாளன்று மெத்தை செத்திருக்கும். புதிதாக வாங்கித் தொடங்கினால் கணக்கு சரியாக வரும்.

குறை என்றால் மழை. வலைத்துணி பத்து நிமிடத்தில் நனையும். ஆனால் சீக்கிரம் காயவும் செய்யும். பந்தய வேகத்துக்காகக் கார்பன் தகடு வைத்த ஷூவைத் தொடவே வேண்டாம். அந்த விலை நடைக்கு எதையும் திருப்பித் தராது.

ஆறு வாரத்துக்கு மேல் இருக்கிறது, காலில் பழைய தொந்தரவு எதுவும் இல்லை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிது, மாலையில் போய் வாங்குங்கள்.

வழி 2: தடித்த அடிமெத்தை ஷூ

2009இல் பிரான்சில் தொடங்கிய ஹோக்கா இந்தப் பாணியைப் பரப்பியது. இப்போது எல்லா நிறுவனங்களும் செய்கின்றன. அடி உயரமாக, முன்னும் பின்னும் வளைந்து படகு மாதிரி இருக்கும். குதிகால் வலி உள்ளவர்களுக்கும், கட்டைவிரல் மூட்டு மடங்கும்போது வலிப்பவர்களுக்கும் இது பெரிய ஆறுதல், ஏனென்றால் விரல் மடங்குகிற வேலையில் ஒரு பகுதியை அந்த வளைவே செய்துவிடுகிறது. குமிழ்க் கற்களும் இதில் அதிகம் தெரியாது.

ஆனால் அவ்வளவு உயரத்தில் நிற்கும்போது சரிந்த நடைபாதையில் கணுக்கால் லேசாக ஆடும். இரவில், களைப்பில், நடைபாதை விளிம்பில் கால் பிசகிவிட்டால் நடை அத்தோடு முடிந்தது. முன்பு கணுக்கால் சுளுக்கியவர்கள் கடையில் போட்டுப் பார்த்ததோடு முடிவு செய்யாமல், ஒரு வாரம் தெருவில் நடந்து பார்த்து முடிவு செய்யட்டும். சில மாடல்கள் முன்பாதத்தில் குறுகல், நம்மவர்கள் அதையும் பார்க்க வேண்டும். விலையும் சற்று மேலேதான்.

வழி 3: மலை நடைக்கான ஷூ, பூட்ஸ்

என் முதல் வருடத் தவறு இது. 'நீண்ட நடை' என்று கடையில் சொன்னேன். எந்தத் தரையில் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கணுக்காலை மூடிய, நீர் புகாத பூட்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது. கைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கனத்தது ஒவ்வொன்றும். ஓட்ட ஷூவைவிட ஒரு காலுக்கு இருநூற்றைம்பது கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதை இரவெல்லாம் பல்லாயிரம் முறை தூக்குகிறோம்.

நீர் புகாத உறை வெளி ஈரத்தைத் தடுக்கும், உள் ஈரத்தையும் பிடித்து வைக்கும். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸை உருவினேன். பாதம் மழையில் ஊறிய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. இடது குதிகாலில் ஒரு பவுண்டு நாணயம் அளவுக்குக் கொப்புளம், வலது முன்பாதத்தின் கீழே அதைவிடப் பெரியது. பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு பாட்டி தன் பையிலிருந்து டேப்பும் உலர்ந்த சாக்ஸும் எடுத்துக் கொடுத்தார். முடித்தேன். பிறகு ஒன்பது நாள் செருப்போடுதான் வேலைக்குப் போனேன்.

பூட்ஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்து மலைப் பாதையில் சேறும் கல்லுமாக நடப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். நகர நடைக்கு அந்தக் கெட்டி அடியும் உயரமும் எதற்கும் உதவாது. ஒரே விதிவிலக்கு: இதே வகையில் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் லேசான ஷூவைத் தினமும் போட்டு வருகிறீர்கள், அது வலைத்துணியால் ஆனது என்றால் மாற்ற வேண்டாம்.

வழி 4: பட்டை வைத்த சாண்டல்

நம் ஊர்க் கால்களுக்கு மனதளவில் மிக நெருக்கமானது. விரல்கள் இடிபடாது, வீக்கத்துக்கு ஏற்பப் பட்டையைத் தளர்த்தலாம், நனைந்தால் அப்படியே காயும். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இப்படி ஒரு நடை என்றால் நான் இதை முதல் மூன்றில் வைத்திருப்பேன்.

லண்டனில் மே மாத நள்ளிரவு எட்டுப் பத்து டிகிரிக்கு இறங்கும். சாக்ஸ் போட்டுத்தான் ஆக வேண்டும். பொடிக்கல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் நின்று தட்ட வேண்டும். குதிகால் பக்கவாட்டில் பரந்து வெடிக்கும் தன்மை உள்ளவர்களுக்கு வெடிப்பு ஆழமாகும். கூட்ட நெரிசலில் பின்னால் வருபவர் குதிகாலை மிதித்துவிட்டால் தடுக்க ஒன்றுமில்லை. இரண்டு மூன்று வருடமாகச் சாண்டலிலேயே இருபது கிலோமீட்டர் நடந்து பழகியவர்கள் தாராளமாக வரலாம். இந்த நடைக்காகப் புதிதாகச் சாண்டலுக்கு மாறாதீர்கள்.

வழி 5: வீட்டில் இருக்கிற பழைய ஷூ

பணத்தை நேராக அறக்கட்டளைக்கே கொடுக்கலாமே என்று கேட்ட பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: முதலில் உன் பழைய ஷூவைத் திருப்பிப் பார்.

குதிகால் ஓரத்தில் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளை மெத்தை தெரிகிறதா? மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாய்கிறதா? பக்கவாட்டில் மெத்தை முழுக்கக் கிடைமட்டச் சுருக்கங்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்த ஷூ கடைக்குப் போய்வர மட்டும்தான். மூன்றுக்கும் இல்லை என்றால், இரண்டு மணி நேரம் நடந்த பிறகும் விரல்களை அசைக்க இடமிருந்தால், அதுவே உங்கள் நடை ஷூ. செலவு பூஜ்யம். பழகிய ஷூவுக்கு இருக்கும் மதிப்பு எந்தப் புது மாடலுக்கும் இல்லை.

இதன் மறைந்த செலவு பிசியோதெரபி. செத்த மெத்தையில் ஐம்பதாயிரம் அடி வைத்துவிட்டு உள்ளங்கால் நரம்பு இழுத்துக்கொண்டது என்று மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே பார்வையில்

| | வீக்கத்துக்கு இடம் | காற்றோட்டம் | கல்லைத் தாங்குவது | பழக வேண்டிய காலம் | தோராயச் செலவு |
|---|---|---|---|---|---|
| ஓட்ட ஷூ | அரை அளவு பெரிது வாங்கினால் போதும் | நன்று | நன்று | 4–6 வாரம் | 60–150 பவுண்டு |
| தடித்த மெத்தை | மாடலைப் பொறுத்தது | நன்று | மிக நன்று | 6 வாரம் | 100–160 பவுண்டு |
| மலை பூட்ஸ் | குறைவு | மோசம் | கெட்டி, வளையாது | 8 வாரத்துக்கு மேல் | 90–180 பவுண்டு |
| சாண்டல் | மிக நன்று | மிக நன்று | சுமார் | பல மாதம் | 50–90 பவுண்டு |
| பழைய ஷூ | ஏற்கெனவே தெரியும் | ஷூவைப் பொறுத்தது | தேய்மானத்தைப் பொறுத்தது | இல்லை | 0 |

ஷூவில் மிச்சம் பிடித்த காசைச் சாக்ஸில் போடுங்கள்

எழுபது பவுண்டு ஷூவும் பதினைந்து பவுண்டு சாக்ஸும் சேர்ந்தால், நூற்றைம்பது பவுண்டு ஷூவையும் பருத்திச் சாக்ஸையும் தோற்கடிக்கும். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி வேண்டும். இரட்டை அடுக்குச் சாக்ஸில் இரண்டு துணிகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். தோல் அடுக்குகளுக்குள் நடக்க வேண்டிய இழுபறி துணிக்குள் நடந்துவிடுகிறது. விரல்களுக்கு நடுவே கொப்புளம் வருபவர்களுக்கு விரல் விரலாகப் பிரித்த சாக்ஸ் நல்லது, ஆனால் அது ஷூவுக்குள் கூடுதல் அகலம் கேட்கும். எந்தச் சாக்ஸ் என்று முடிவு செய்தபின், அதைப் போட்டுக்கொண்டுதான் ஷூ கடைக்குப் போக வேண்டும்.

டேப் விஷயத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் மலிவான தாள் டேப்பே போதும். 2016இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்களின் ஆய்வில், 155 மைல் ஓட்டத்தில் 128 பேருக்கு இந்த டேப்பை ஒட்டிப் பார்த்தார்கள்; ஒட்டிய இடங்களில் கொப்புளம் கணிசமாகக் குறைந்தது. பயிற்சி நடையில் எங்கே சிவக்கிறதோ அங்கே, கிளம்பும் முன்பே, உலர்ந்த தோலில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கினால் ஷூவை மாற்றும் முன் கயிற்றை மாற்றிக் கட்டிப் பாருங்கள். மேலே பயன்படுத்தாமல் விட்ட கடைசித் துளையில் அதே பக்கத்துக் கயிற்றை நுழைத்துச் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் குதிகால் அசையாமல் உட்காரும். முன்பாதத்தில் கயிறு தளர்வாகவே இருக்கட்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

மேலே சொன்ன ஒப்பீடு அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, அதனால் தனியாகச் சொல்கிறேன். நரம்பு உணர்வு குறைந்த பாதத்துக்குக் கொப்புளம் வந்தது தெரியாது. வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு நடந்துவிடுவோம். சாண்டலும் வெறுங்காலும் கூடவே கூடாது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் வருடம் ஒருமுறை செய்யும் பாதப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தால் ஷூ வாங்கும் முன் அதை முடியுங்கள், நடக்கப் போவதையும் சொல்லுங்கள். விளிம்புத் தையல் துருத்தாத, அகலமான ஷூ, வெளிர் நிறச் சாக்ஸ். ரத்தமோ நீரோ கசிந்தால் வெளிர் நிறத்தில் கண்ணுக்குத் தெரியும். நடுவழியில் இரண்டு முறையாவது கழற்றிப் பாருங்கள், அல்லது கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழு தூரத்துக்குப் பதில் குறைந்த தூரத்தைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

எத்தனை வாரம் மிச்சம் இருக்கிறது?

பத்து வாரம் இருந்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. பயிற்சிக்குத் தெருவைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் கிழக்கு லண்டனின் கிரீன்வே பாதையில்தான் நடந்து பழகினோம். வண்டி கிடையாது, சமதளம், சுகமான பாதை. ஆனால் அங்கே நடைபாதை விளிம்பும் இல்லை, குமிழ்க் கல்லும் இல்லை, ஷூவின் குறை வெளியே வராது. ஈஸ்ட் ஹாமிலிருந்து பார்க்கிங் (Barking) ரோடு வழியாக டவர் பிரிட்ஜ் வரை போய்த் திரும்புங்கள்; இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும், லண்டன் பேவ்மென்டின் எல்லாக் குணமும் அதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றிச் சிவந்த இடங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வாரமும் அதே இடம் சிவந்தால் குற்றம் ஷூவிலோ சாக்ஸிலோதான்.

ஐந்து வாரம் என்றால் ஓட்ட ஷூவோ பழைய ஷூவோதான். தடித்த மெத்தைக்கு இப்போது மாற வேண்டாம்.

மூன்று வாரம் என்றால் கடைசி நீண்ட நடை, முப்பது கிலோமீட்டர், இப்போது நடக்க வேண்டும். அன்று எந்த ஷூ, எந்தச் சாக்ஸ், எந்த இடத்தில் டேப் என்று இருந்ததோ அதுவே நடை நாளுக்கும். அதில் ஒன்றைக்கூட மாற்றாதீர்கள்.

ஒரே வாரம்தான் இருக்கிறது, ஷூ சரியில்லை என்று இப்போதுதான் தெரிகிறது என்றால், புது ஷூவுக்கு ஓடாதீர்கள். இருக்கிறதிலேயே தளர்வானதை எடுத்து, உள்ளே போடும் இன்சோலை மட்டும் மெல்லியதாக மாற்றி இடம் உண்டாக்குங்கள். மூன்று நாளுக்கு முன் நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடைய வேண்டாம். பையில் இரண்டு ஜோடி உலர்ந்த சாக்ஸ் இருக்கட்டும்: ஒன்று இருபதாவது கிலோமீட்டரில் மாற்ற, இன்னொன்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது கொடுக்க.